ஒரு தண்ணீர் துப்பாக்கியும் ஒரு டிப்ளமோவும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று நம் பேரவைத் தோழர்கள் கேட்டார்கள். "தலைப்பு என்ன?" என்றார்கள். "தண்ணீர் துப்பாக்கி" என்றேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "டேய், மூணாவது வருஷம் வந்தாச்சு, இன்னும் விளையாட்டுத்தனம் போகலையா உனக்கு?" என்று கேட்டான். மாணவர் ஒற்றுமை, வேலையில்லாத் திண்டாட்டம், தாய்மொழிப் பற்று என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் எழுத வந்தது நம்ம பிராஜெக்டைப் பற்றி. அதற்குத்தான் இந்தத் துப்பாக்கி.

நடப்பதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுவோமே. ஆறாவது செமஸ்டர் வந்தால் நம்மில் பாதிப் பேர் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு, பஸ் ஏறி, கடையில் ரெடிமேட் பிராஜெக்டை வாங்கி வருகிறோம். கூடவே ரிப்போர்ட்டும் பைண்டிங் செய்து தருகிறார்கள். வைவாவில் "இதில் இந்த ஸ்பிரிங் எதுக்குப்பா?" என்று கேட்டால் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. என் பங்குக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எடுத்து வைத்திருந்தவன்தான் நானும். அந்தப் பணம் செலவாகாமல் தப்பித்தது ஒரு அறுபது ரூபாய் பொம்மையால்.

அவிநாசித் தேருக்குப் போயிருந்தோம். என் சித்தி மகன், எட்டு வயசு, கடைவீதியில் அழுது புரண்டு ஒரு பச்சைத் துப்பாக்கி வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் பத்தடி கூடத் தாண்டுமா என்று சந்தேகம். "அண்ணா, நீ மெக்கானிக்கல்தானே, இதை ரிப்பேர் பண்ணிக் குடு" என்றான். எனக்குத் தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது!

மொட்டை மாடியில் சாக்பீஸால் அடிக்கு ஒரு கோடு போட்டேன். அளக்க டேப்புக்கா பஞ்சம், திருப்பூரில் எந்த வீட்டில் இஞ்ச் டேப் இல்லை! இருபது தடவை அடித்துச் சராசரி பார்த்தேன். 11 அடி.

முதல் யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஓட்டையைப் பெரிசாக்கினால் தண்ணீர் நிறைய வரும், தூரமாகவும் போகும். கோணி ஊசியைக் காய்ச்சி ஓட்டையில் விட்டேன். 1 மில்லிமீட்டர் இருந்தது ஒன்றரை ஆனது. அடித்துப் பார்த்தால் 5 அடி! சித்தி மகன் மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டான்.

ஏன் இப்படி? பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளே ஒரு குட்டி பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், இரண்டு சின்ன வால்வுகள், வால்வுக்குள் கடுகு போல ஒரு குண்டு. விசையை இழுத்தால் பிஸ்டன் தண்ணீரைத் தள்ளும், விட்டால் உறிஞ்சும். நம் தெருமுனை அடிபம்பின் பேரக்குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இழுப்புக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு முன்னமே தீர்மானமாகிவிட்டது. இருமல் மருந்து மூடியில் பிடித்து அளந்தேன்: பத்து இழுப்புக்கு 8 மில்லி. அதே 8 மில்லி பெரிய ஓட்டை வழியாகப் போனால் வேகம் குறையாமல் என்ன செய்யும்? விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது, வேகம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டாம் வருடத்தில் இதற்குத் தொடர்ச்சிச் சமன்பாடு என்று பெயர் சொல்லி, ரெக்கார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஒரு பொம்மையைக் கெடுத்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது.

சரி, அப்படியானால் ஓட்டையைச் சின்னதாக்குவோம். பால்பாயிண்ட் பேனாவின் பித்தளை முனையில் குண்டைத் தட்டி எடுத்துவிட்டு, எம்-சீல் வைத்து ஒட்டினேன். 17 அடி! ஆசை விடுமா? அடுத்து இஞ்செக்‌ஷன் ஊசியை வெட்டி வைத்தேன். தண்ணீர் புகையாகப் போனது. 9 அடி தாண்டவில்லை, விரல் வலித்ததுதான் மிச்சம். மெல்லிய தாரை காற்றில் உடைந்து பொடிப்பொடித் துளியாகிவிடுகிறது, துளி சின்னதாக ஆக ஆகக் காற்று அதைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறது. ஆக, ஓட்டை ரொம்பப் பெரிசும் ஆகாது, ரொம்பச் சிறிசும் ஆகாது. நடுவில் எங்கேயோ ஒரு அளவு இருக்கிறது, அதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. வால்வுக் குண்டைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு பஞ்சு இழை! எங்கள் வீட்டில் எதில்தான் பஞ்சு இல்லை, சோற்றில் கூட இருக்கும். அந்த இழையால் குண்டு சரியாக உட்காராமல், தள்ளிய தண்ணீரில் கொஞ்சம் பின்பக்கமே திரும்பிப் போயிருக்கிறது. கழுவிப் போட்டதும் பத்து இழுப்புக்கு 8 மில்லி என்பது 10 மில்லி ஆனது. செலவு பூஜ்யம். எதையும் மாற்றுவதற்கு முன்னால், இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார் என்று ஒர்க்‌ஷாப் சார் சொன்னது காதில் விழுந்தது. (அவர் சொன்னது லேத்தைப் பற்றி.)

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லோனி ஜான்சன். அமெரிக்காவில் அலபாமாவில் 1949-இல் பிறந்த கறுப்பின இளைஞர். பள்ளியில் படிக்கும்போதே காற்றழுத்தத்தால் ஓடும் ஒரு ரோபோ செய்து 1968-இல் அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கியவர். படித்தது டஸ்கிகீயில். விமானப்படையிலும், பிறகு வியாழன் கிரகத்துக்குப் போன கலிலியோ விண்கலத்திலும் வேலை பார்த்த இன்ஜினியர். 1982-இல் ஃப்ரியானுக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்து ஒரு வெப்பப் பம்பு செய்ய முடியுமா என்று வீட்டுக் குளியலறைக் குழாயில் தான் செய்த ஒரு நாசிலை மாட்டிப் பார்த்திருக்கிறார். தாரை பாய்ந்து அறையின் அந்தக் கோடிக்குப் போனது. இதையே துப்பாக்கி ஆக்கினால் என்ன என்று தோன்றியது. பொம்மைக்கு காப்புரிமை 1986-இல் கிடைத்தது. பிவிசி குழாயும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும் வைத்துச் செய்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு அலைந்து, 1990-இல் லாராமி கம்பெனி மூலம் கடைக்கு வந்து, 1991-இல் சூப்பர் சோக்கர் என்று பெயர் மாறி, அந்த ஒரே வருடத்தில் 20 கோடி டாலருக்கு விற்றது.

அவர் செய்த மாற்றம் என்ன தெரியுமா? ஓட்டையில் கை வைக்கவில்லை. அடிக்கிற வேலையையும் சுடுகிற வேலையையும் பிரித்தார், அவ்வளவுதான். குழந்தையின் ஒற்றை விரலுக்கு ஒரு இழுப்பில் இவ்வளவுதான் பலம். ஆனால் அதே குழந்தை இருபது தடவை பம்பு அடித்துக் காற்றை உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சேர்த்த பலத்தை விசையைத் தொட்டதும் மொத்தமாக விடலாம். தினக்கூலிக்காரன் சீட்டுப் போட்டுச் சேர்த்துக் கல்யாணத்துக்கு எடுப்பது மாதிரி.

நானும் அதைச் செய்தேன். ஒரு லிட்டர் சோடா பாட்டில் (தண்ணீர் பாட்டில் ஆகாது, மெல்லிசு), மூடியில் சைக்கிள் டியூப் வால்வு, காங்கேயத்து நண்பன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொட்டுநீர்ப் பாசனத் திருகு வால்வு, 2 மில்லிமீட்டர் நாசில். மீட்டர் வைத்த பம்பில் 2 பார் வரை அடித்தேன். கணக்குப்படி நொடிக்கு 20 மீட்டர் வேகம், 45 டிகிரியில் 40 மீட்டர், அதாவது 130 அடி போக வேண்டும். போனது 34 அடி. கணக்குக்கும் மாடிக்கும் நடுவில் காற்று என்று ஒன்று இருக்கிறதே! அப்புறம் காலி ரீபில் குழாய்களை வெட்டிக் கட்டாகக் கட்டி நாசிலுக்குப் பின்னால் செருகினேன். வால்வைத் தாண்டிச் சுழன்று வருகிற தண்ணீரை அது வரிசையில் நிற்க வைத்து அனுப்புகிறது. தாரை கண்ணாடிக் கம்பி மாதிரி போனது. 39 அடி. எதிர் வீட்டுச் சுவர்.

குறை ஒன்று இருந்தது. தண்ணீர் தீரத் தீரப் பாட்டிலுக்குள் காற்று விரிகிறது, அழுத்தம் விழுகிறது. மூன்றில் ஒரு பங்கு காற்று வைத்துத் தொடங்கினால், கடைசிச் சொட்டு போகும்போது உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே அழுத்தம்தான். முதல் அடி சிங்கம், கடைசி அடி சொட்டு. பாயில் விதி! சூப்பர் சோக்கர்காரர்கள் இதற்கு 1996-இல் விடை சொன்னார்கள். காற்றுக்குப் பதில் தடித்த ரப்பர் பை. சுருங்கும் ரப்பர் ஏறக்குறைய கடைசி வரை ஒரே பலத்தில் தள்ளும்.

நண்பர்களே, இதுவரைக்கும் எழுதியது பெருமை. இனிமேல் வருவது வேறு.

மறுநாள் பாட்டில் துப்பாக்கியை நான் மாடியில் வைத்துவிட்டுக் கீழே போன ஐந்து நிமிடத்தில், சித்தி மகன் அதை எடுத்து அவன் தங்கச்சி முகத்துக்கு நேராக வால்வைத் திருகிவிட்டான். நாலடி தூரம். நொடிக்கு 20 மீட்டர் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர், அவிநாசி ரோட்டில் போகிற பஸ்ஸின் வேகம். ஆறு வயசுக் குழந்தை. கண் ரத்தச் சிவப்பாகிவிட்டது. கருவிழிக்கு ஒன்றும் இல்லை என்று கண் டாக்டர் சொல்லும் வரை எனக்கு உயிர் இல்லை. மூன்று நாள் சொட்டு மருந்து. அம்முச்சி என்னை அடிக்கவில்லை, ஒரே கேள்விதான் கேட்டது.

"ஏண்டா, அத்தன நாளா அங்க இருந்து டேப்புப் புடிச்சு அளந்தயே, வாங்கறவ பக்கம் நின்னு ஒரு தடவ பாத்தயா?"

பார்க்கவில்லை. இருபது இருபதாக அடித்து அளந்த நான், தாரை போய் விழுகிற இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. இதே சமயத்தில் ஒரு நண்பன், "பாட்டில் எதுக்குடா, பிவிசி பைப் போட்டுக் கம்பெனிக் கம்ப்ரசர்ல ஏத்தலாம்" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பிவிசி தண்ணீருக்கான குழாய். அழுத்திய தண்ணீர் குழாய் வெடித்தால் கசியும், அழுத்திய காற்று வெடித்தால் பிளாஸ்டிக் சில்லுகளைக் கத்தியாக வீசும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 1988-லேயே இதை எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் சந்துக்குச் சந்து கம்ப்ரசர் இருப்பதால் சொல்கிறேன்.

அம்முச்சியின் கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், மதுரைக்கு! சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகைக்கு வரும்போது பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சுவது உங்களுக்குத் தெரியும். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர், முனையில் சின்னக் குழாய், பையை அமுக்கினால் தாரை. யோசித்தால் சூப்பர் சோக்கரின் ரப்பர் பைக்கு அது பெரியம்மா. தள்ளுகிற பலம் கையில் இருக்கிறது, வேண்டிய இடத்தில் மெதுவாக அமுக்கலாம், வெயிலில் வருகிற சாமி மேல் பன்னீர் தெளிக்கிற மாதிரி விடலாம். இதையும் நம்மைப் போல யாரோ 'திருத்தினார்கள்'. பிரஷர் பம்ப் வந்தது. தூரமும் கூடியது, அளவும் கூடியது. போய் விழுகிற இடத்தில் யார்? சாமி சிலை, கூட நிற்கும் பட்டர்கள், தூக்கி வருகிறவர்கள், கைக்குழந்தையோடு நெரிசலில் நிற்கிறவர்கள். கடைசியில் 2024 திருவிழாவுக்கு முன்னால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அதிக அழுத்தப் பம்பு கூடாது, பழைய முறையில் தோல் பையில்தான் பீய்ச்ச வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது.

பழசுதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. நான் மெக்கானிக்கல் மாணவன், பம்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் 'நல்லா வேலை செய்யுது' என்று நாம் சொல்வது எந்தப் பக்கத்திலிருந்து? பிடித்திருக்கிறவன் பக்கத்திலிருந்து மட்டும் அளந்தால் பம்பு ஜெயித்துவிட்டது. அந்தப் பக்கம் நின்று அளந்தால் தோல் பை. நம் சிலபஸில் எஃபிஷியன்சி என்றால் வெளியே வந்ததை உள்ளே போட்டதால் வகுப்பது. வெளியே வந்தது யார் தலையில் விழுந்தது என்பதற்கு அதில் இடம் இல்லை.

இனி வீட்டு விஷயம். எங்கம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் கன்னால் அடித்து எடுப்பார்கள், நம்மில் பல பேர் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ இந்த வேலையில்தான் இருப்பார்கள். துப்பாக்கியைப் பிரித்த கையோடு ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது அந்தக் கன்னைப் பார்த்தேன். அட, இது நம்ம பச்சைத் துப்பாக்கியேதான்! அதே குட்டி பிஸ்டன், அதே ஸ்பிரிங், அதே வால்வு. விரலுக்குப் பதிலாக ஒரு மின்காந்தம், கரண்டின் துடிப்புக்கு ஏற்றபடி நொடிக்குப் பல பத்துத் தடவை பிஸ்டனை இழுத்து விடுகிறது. தண்ணீருக்குப் பதில் கெமிக்கல். பின்னால் ஒரு திருகு, அழுத்தத்தைக் கூட்டக் குறைக்க. எல்லோரும் அதைக் கடைசி வரை முறுக்கி வைத்திருக்கிறார்கள், கறை சீக்கிரம் போகட்டும் என்று. பீஸ் ரேட்டு ஆயிற்றே!

அம்மா வேலை செய்வதைக் கால் மணி நேரம் பார்த்தேன். என் இஞ்செக்‌ஷன் ஊசிக் கதைதான். நுண்ணிய ஓட்டை, அதிக அழுத்தம், புகை. துணிக்கு அடியில் பிளைவுட் மேஜை, பட்ட புகை எகிறி நேராக முகத்துக்கு வருகிறது. அம்மாவுக்குச் சாயங்காலமானால் தலைவலி, மூக்கெரிச்சல். "அது அப்படித்தான் கண்ணு, பழகிக்கும்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேனில் லேபிள் இல்லை, என்ன திரவம் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வேலைக்கு உலகமெங்கும் நெடுங்காலம் பயன்பட்ட ஒன்று ட்ரைகுளோரோ எத்திலீன். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் தீர்மானித்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கா அதைத் தடை செய்து உத்தரவு போட்டது. அம்மாவின் கேனில் இருப்பது அதுவா இல்லையா, சொல்ல ஆள் இல்லை.

என்னுடைய ஆயிரத்து ஐந்நூறை அன்றைக்கே வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். ரிப்பேர் கடையில் ஒரு பழைய கன் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. நாங்கள் நாலு பேர் வீட்டிலேயே மேஜை போட்டோம். கெமிக்கல் இல்லை, வெறும் தண்ணீரில் நீலம் கலந்துகொண்டோம் (எங்கள் ஊரில் சாயத்துக்கா பஞ்சம்!). வேலை செய்கிறவர் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைப் பனியன் துணியைக் கட்டித் தொங்கவிட்டோம். இந்தத் தடவை டேப்பு அந்தப் பக்கம்! இருபது அடிக்குப் பிறகு துணியை எடுத்து நீலப் புள்ளிகளை எண்ணினோம். 43. திருகைப் பாதிக்குத் தளர்த்தினால் 25. பிளைவுட்டுக்குப் பதில் கம்பி வலை வைத்தால் 14, எகிற இடமில்லாமல் துணியைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடுகிறது. வலைக்குக் கீழே பெட்டி கட்டி, ஒரு ப்ளோயரால் கீழ்நோக்கி இழுத்தால் 6. ட்ரைகுளோரோ எத்திலீனாக இருந்தால் அதன் ஆவி காற்றை விட நாலு மடங்குக்கு மேல் கனம் என்பதால் மேலே ஃபேன் போடுவதை விடக் கீழே இழுப்பதுதான் சரி. மோட்டாரைக் காற்றுப் பாதைக்கு வெளியே வைத்தோம், பொறி பறந்தால் ஆபத்து.

பிராஜெக்ட் என்று எழுதிக் கொடுத்தோம். "இதில் எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் இல்லையே, எக்ஸாமினர் என்னப்பா சொல்வார்?" என்று முதலில் கேட்டார்கள். நீலப் புள்ளித் துணிகளை மேஜை மேல் விரித்துக் காட்டினோம். 43-ம் 6-ம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கையெழுத்து கிடைத்தது.

பேரவைக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சாயங்காலம் நாலரைக்கு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிடுகிறார்கள். நாங்கள் டிரில் போட ஒவ்வொரு தடவையும் வெளியே பட்டறைக்காரரிடம் போய் நின்றோம். அவர் நல்லவர், காசு வாங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது ஏழு மணி வரை திறந்து வைக்க நாம் கேட்க வேண்டும். பூட்டிக் கிடக்கிற வைஸும் டிரில்லிங் மெஷினும்தான் ரெடிமேட் பிராஜெக்ட் கடைகளுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுக்கின்றன. கல்லூரி திறக்கட்டும், அப்புறம் வாங்கி வருகிறவனைக் கேட்போம்.

மேஜை இப்போது அம்மா வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. முதலாளி பார்த்தார், "ஒண்ணு மட்டும் போட்டுப் பாருங்க, பீஸ் குறையக் கூடாது" என்றார். முதல் வாரம் பீஸ் கொஞ்சம் குறைந்தது உண்மை, திருகைத் தளர்த்தியதால். அம்மாவுக்கு மூக்கெரிச்சல் விட்டிருக்கிறது. "சத்தந்தாண்டா ஜாஸ்தி" என்கிறது.

ஆனால் நான் தூங்கவில்லை. ப்ளோயர் இழுப்பதை எங்கே விடுவது? குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டலாம் என்று எங்கள் குழுவில் மூன்று பேர் சொன்னார்கள். வெளியே ஒரு சந்து, சந்தில் ஒரு பால்வாடி. நம்ம ஊர் இந்த வேலையை ஏற்கனவே ஒரு தடவை செய்திருக்கிறது. கம்பெனிக்குள் துணி பளிச்சென்று வந்தது, சாயத்தண்ணீர் நொய்யலில் போனது, ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது, அங்கே இருந்த விவசாயிதான் வாங்கிக்கொண்டான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாங்கள் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள். ஆனால் அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரிந்த விதம் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆகவே குழாயின் முனையில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது கரி அடைத்த ஒரு டப்பா வைத்திருக்கிறோம். ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும். அதைக் காட்டியபோது அம்மா கேட்டது: "அந்தக் கரி நெறஞ்சு போச்சுன்னு எப்படிக் கண்ணு தெரியும்?"

நாலு பேருக்கும் வாய் அடைத்துவிட்டது. வைவாவில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ரெண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டோம். கம்பெனியில் துணிக்கு ஜிஎஸ்எம் பார்க்கும் தராசு இருக்கிறது, மில்லிகிராம் வரை காட்டும். கரி டப்பா அதில் வைக்கப் பெரிசு. அதனால் டப்பாவின் வெளிவாயில் ஒரு சின்னத் துணிப்பையில் கொஞ்சம் கரி கட்டி வைத்திருக்கிறோம். அதன் எடை ஏற ஆரம்பித்தால் உள்ளே இருக்கிற கரி நிறைந்து, மிச்சம் வெளியே வருகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் காற்றின் ஈரமும் எடையைக் கூட்டும், அதற்காக இன்னொரு பை, ப்ளோயர் பக்கம் போகாமல் தனியாகத் தொங்குகிறது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் அம்மா இரண்டையும் நிறுத்து, வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கிறது. பதினொரு நாள் ஆகிறது. இரண்டுக்கும் இதுவரை வித்தியாசம் இல்லை.